பேருந்து கேட்டு மனு எழுதுவதற்கு முன்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மக்களுக்கான செயல்வழிகாட்டி

கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், "எங்கள் பகுதிக்குப் போதிய பேருந்து வசதி இல்லை, கூடுதல் பேருந்து இயக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்" என்று நூறு கையெழுத்துகளுடன் கொடுக்கப்படும் மனு, பெரும்பாலும் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பணிமனைக்குப் போய், "மேற்படி தடத்தில் நாளொன்றுக்கு இத்தனை நடைகள் (பேருந்துப் பயணங்கள்) இயக்கப்பட்டு வருகின்றன, தற்போதைய பயணிகள் எண்ணிக்கைக்கு அவை போதுமானவை" என்ற பதிலுடன் திரும்பி வருகிறது. அந்தப் பதிலை எழுதியவரின் கையில் எண் இருக்கிறது. மனு கொடுத்தவரின் கையில் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நல்வாய்ப்பாக, பேருந்துச் சேவை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல்களை அரசே வகுத்து வெளியிட்டிருக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டு நம் நிறுத்தத்தை நாமே அளந்து, அந்த அளவை மனுவில் எழுதினால், பதில் எழுதுபவரும் அதே அளவுகோலில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த சிலர், கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலையில் உள்ள எங்கள் நிறுத்தத்தில் மூன்று நாட்கள் நின்று எண்ணிய பிறகுதான் இதை நான் முழுமையாக உணர்ந்தேன். அதற்கு முன் இரண்டு முறை மனு கொடுத்து, இரண்டு முறையும் மேலே சொன்ன பதிலையே பெற்றிருந்தோம்.

அரசின் அளவுகோல்கள்

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, 2006ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. வாகனங்களை நகர்த்துவது நோக்கமல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. சாலையை அகலப்படுத்த நிதி இருக்கிறது, பேருந்துக்கு இல்லை என்று யாராவது சொன்னால் எடுத்துக்காட்ட வேண்டிய முதல் ஆவணமும் அதுவே.

அதைவிடப் பயன்தருவது, 2009ஆம் ஆண்டில் ஒன்றிய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட நகர்ப்புறப் போக்குவரத்துக்கான சேவைத் தர அளவீடுகள் என்ற கையேடு. அது ஒவ்வொரு சேவைக் கூற்றையும் 1 முதல் 4 வரை தரநிலைகளாகப் பிரிக்கிறது. 1 மிக நன்று, 4 மிக மோசம். பயணியின் சராசரிக் காத்திருப்பு 4 நிமிடத்துக்குள் இருந்தால் முதல் தரநிலை. 4 முதல் 6 நிமிடம் இரண்டாவது. 6 முதல் 10 நிமிடம் மூன்றாவது. 10 நிமிடத்தைத் தாண்டினால் நான்காவது. நெரிசலை, ஓர் இருக்கைக்கு எத்தனை பயணிகள் என்ற விகிதத்தால் அளக்கிறார்கள்: 1.5 வரை முதல் தரநிலை, 2 வரை இரண்டாவது, 2.5 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு 0.6 பேருந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரநிலை, 0.2க்குக் கீழே போனால் நான்காவது.

கடைசியாகச் சொன்ன அளவை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் நகரின் மக்கள்தொகை 1,73,636. முதல் தரநிலையை எட்ட நகருக்குள் ஓடும் பேருந்துகள் ஏறத்தாழ 104 இருக்க வேண்டும்; 35க்குக் கீழே போனால் நான்காம் தரநிலை. புதுச்சேரி நகரத்திரளின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் 6.57 லட்சம், அதற்கு முதல் தரநிலை என்றால் ஏறத்தாழ 394 பேருந்துகள். இந்தக் கணக்கெடுப்புக்குப் பின் கடலூர் 2021இல் மாநகராட்சியாகி எல்லை விரிந்திருக்கிறது, மக்கள்தொகையும் கூடியிருக்கிறது. ஆகவே இவை குறைந்தபட்ச எண்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த அளவீடுகள் நகரங்களுக்காக வகுக்கப்பட்டவை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் சிற்றூருக்கு 4 நிமிடத்துக்கு ஒரு பேருந்து கேட்டால் மனுவின் மதிப்புதான் குறையும். சிற்றூர்களுக்கு வேறு வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காத்திருப்பைக் கணக்கிடும் முறை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எங்கள் மனுவின் போக்கை மாற்றியதும் இதுவே. "ஒரு மணி நேரத்துக்கு நான்கு பேருந்துகள் போகின்றன" என்று அலுவலகம் சொல்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நான்கும் எப்படி வருகின்றன என்பதுதான் கேள்வி. சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 7.5 நிமிடம் காத்திருப்பார். அதே நான்கு பேருந்துகள், நம் சாலைகளில் நாள்தோறும் பார்ப்பதுபோல, ஒன்றன் வாலைப் பிடித்தபடி இன்னொன்று என்று ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் வந்துவிட்டுப் பிறகு 45 நிமிடம் ஒன்றுமே வராமல் போனால், சராசரிக் காத்திருப்பு 17.5 நிமிடம் ஆகிவிடுகிறது. பேருந்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. மூன்றாம் தரநிலையில் இருந்த நிறுத்தம் நான்காம் தரநிலைக்கு விழுந்துவிட்டது.

ஏன் இப்படி என்பதை எளிதாக விளக்கலாம். நிமிடத்துக்கு ஒருவர் வீதம் மணிக்கு 60 பேர் நிறுத்தத்துக்கு வருவதாகக் கொள்வோம். அவர்களில் 45 பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து சேர்கிறார்கள். அவர்கள் சராசரியாக 22.5 நிமிடம் நிற்கிறார்கள். மீதி 15 பேர் மட்டுமே அடுத்தடுத்து வந்த பேருந்துகளின் பலனைப் பெற்று 2.5 நிமிடம் நிற்கிறார்கள். கணக்கிடும் முறையும் கடினமானதல்ல: ஒவ்வோர் இடைவெளி நிமிடத்தையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையை மொத்த நிமிடங்களின் இருமடங்கால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 25, 25, 25, 2025 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 2100. அதை 120ஆல் வகுத்தால் 17.5. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுத் தந்துவிடும்.

இந்தக் கணக்கின் பயன் என்னவென்றால், கோரிக்கையே மாறிவிடுகிறது. புதிய பேருந்து கேட்டால் பேருந்து இல்லை, ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை என்ற பதில் வரும். பெரும்பாலும் அது மெய்யான பதிலும்கூட. ஆனால் இருக்கிற நான்கு பேருந்துகளின் நேரத்தைச் சீராக்கிக் கொடுங்கள் என்று கேட்டால் கூடுதல் செலவு ஏதும் இல்லை. அரசுப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் சேர்ந்து ஓடும் தடங்களில், ஒரே கூட்டத்தைப் பிடிக்க இரண்டும் ஒரே நேரத்தில் புறப்படுவதால்தான் இந்த இடைவெளி விழுகிறது. தனியார் பேருந்தின் நேரம் அதன் வழித்தட அனுமதியுடன் சேர்ந்தது. ஆகவே நேர மாற்றக் கோரிக்கையைப் போக்குவரத்துக் கழகத்துக்கு மட்டும் அனுப்பாமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும்.

நிறுத்தத்தில் நின்று எண்ணுவது

எண்ணுவதற்கு மூன்று நாட்கள் போதும். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைச் சாதாரண நாளாகவும், சனிக்கிழமை ஒன்றையும், திங்கள்கிழமை ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்த நாள், தேர்வு நாள், பௌர்ணமி, பள்ளி விடுமுறை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அந்த நாட்களின் கணக்கை எடுத்துக் கொடுத்தால், அது வழக்கமான நிலை அல்ல என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். காலை 6 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை, இரவு 8 முதல் கடைசிப் பேருந்து போகும் வரை என்று மூன்று வேளைகளாகப் பிரித்து, வேளைக்கு இரண்டு பேர் நின்றால் நல்லது. ஒருவர் பேருந்தைப் பார்க்க வேண்டும், மற்றவர் நிறுத்தத்தில் நிற்கும் மக்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில், பேருந்து வந்த நேரம், தட எண், போகும் ஊர், அரசுப் பேருந்தா தனியார் பேருந்தா, நின்றதா நிற்காமல் போனதா, இறங்கியவர், ஏறியவர், ஏற முடியாமல் நின்றுவிட்டவர், படிக்கட்டில் தொங்கியவர் என்று கட்டங்கள் போட வேண்டும். இவற்றுள் "ஏற முடியாமல் நின்றுவிட்டவர்" என்ற கட்டத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. பயணச்சீட்டு இயந்திரத்தில் ஏறியவர் கணக்கு மட்டுமே இருக்கும். ஏற முடியாதவரின் கணக்கு அரசின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதை எழுதக்கூடியவர் நிறுத்தத்தில் நிற்பவர் மட்டுமே.

எங்கள் எண்ணிக்கையில் எனக்கு இன்றும் கண்முன் நிற்பது இரண்டாம் நாள் காலை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு வந்த ஓர் அம்மா, ஈரம் சொட்டும் அலுமினிய அன்னக்கூடையைச் சும்மாட்டின் மேல் வைத்தபடி நிறுத்தத்தில் நின்றிருந்தார். முதலில் வந்த பேருந்து நிற்கவில்லை. இரண்டாவது நின்றது, கூடையைப் பார்த்து ஏற்ற மறுத்துவிட்டார்கள். மூன்றாவது வருவதற்கு 38 நிமிடம் ஆனது. அதற்குள் கூடையின் மேலிருந்த பனிக்கட்டி கரைந்து, கீழே தண்ணீர் ஒரு கோடாக ஓடி மண்ணில் இறங்கிவிட்டது. எங்கள் நோட்டில் அது ஒரே ஒரு வரிதான்: "7.12, ஏற்ற மறுப்பு, 1." அந்த ஒரு வரிக்குப் பின்னால் அன்றைய வியாபாரம் இருந்தது. எனவே எண்களோடு, நிறுத்தத்தில் நிற்பவர் எங்கே போகிறார், எதற்காகப் போகிறார், தாமதித்தால் என்ன இழப்பார் என்று பத்துப் பேரிடமாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தேவையில்லை, வயதும் வேலையும் போதும்.

நெரிசலை எண்ணும்போது, பேருந்தின் உள்ளே எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மிக நெருக்கடியான வேளையில் ஒருவர் ஏறிப் பயணம் செய்து தலைகளை எண்ண வேண்டும். 50 இருக்கையில் 110 பேர் என்றால் விகிதம் 2.2, அதாவது மூன்றாம் தரநிலை. இந்த அளவுகோல் சற்றுத் தாராளமானது என்பது என் கருத்து; 50 இருக்கையில் 95 பேர் நெருக்கிக்கொண்டு போனாலும் கையேட்டின்படி அது இரண்டாம் தரநிலையே. அதனால் நெரிசலை மனுவின் முதன்மை வாதமாக வைக்காமல், காத்திருப்பையும் ஏற முடியாதவர் எண்ணிக்கையையும் முன்வைப்பதே நல்லது.

நிறுத்தத்துக்கே வராதவர்களின் கணக்கும் வேண்டும். இரவு எட்டரைக்குமேல் பேருந்து இல்லை என்பதால் சிப்காட் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் வேலையை மறுத்த பெண், புதுச்சேரி ஜிப்மரில் காலைப் பதிவுக்குப் போய்ச் சேர முடியாது என்று மருத்துவத்தையே தள்ளிப்போடும் முதியவர் ஆகியோரை நிறுத்தத்தில் நின்று எண்ணினால் காண முடியாது. வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். ஒரு தெருவில் இருபது வீடுகள் போதும். 2011 கணக்கெடுப்பில், வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தொலைவு போகிறார்கள், நடந்தா, மிதிவண்டியிலா, பேருந்திலா என்ற விவரம் மாவட்ட வாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டவணையிலிருந்து கடலூர் மாவட்டத்துக்கான வரியை எடுத்து உங்கள் இருபது வீட்டுக் கணக்கின் பக்கத்தில் வைத்தால், ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும்.

கட்டணமில்லாப் பயணச்சீட்டின் மதிப்பு

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். விடியல் பயணம் என்று அத்திட்டம் அழைக்கப்படுகிறது. மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வு, இத்திட்டத்தால் ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று கண்டது. இந்த எண்ணை மனுவில் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஏனெனில் இது அரசின் சொந்த ஆய்வின் எண். உங்கள் தடத்தில் நகரப் பேருந்து இல்லாமல் புறநகர்ப் பேருந்து மட்டும் ஓடுகிறது என்றால், உங்கள் பகுதிப் பெண்களுக்கு அந்த 888 ரூபாய் எட்டவில்லை என்று பொருள். அதை அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் வீட்டுப் பெண்களிடம் சொல்ல வேண்டும். இரண்டு நிறுத்தம்தானே என்று சிலர் கட்டணமில்லாப் பயணச்சீட்டை வாங்காமலேயே இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சீட்டு கிழிக்கப்பட்டால்தான் அந்த நடையில் ஒரு பெண் பயணம் செய்தார் என்பது கணக்கில் ஏறும். அந்தக் கணக்கைக் கொண்டுதான் அரசு, கழகத்துக்கு ஈடு செய்கிறது. சீட்டு வாங்காத பத்துப் பெண்கள் பயணம் செய்த நடை, ஏட்டில் ஆளில்லாத நடையாகத் தெரியும். நடத்துநர் மறந்தாலும் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும்

செய்தித்தாளில் வந்த திட்டத்தின் பெயரையெல்லாம் மனுவில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. பொருந்தாத திட்டத்தைக் கேட்டால் மனு அங்கேயே முடிந்துவிடும்.

2023 ஆகஸ்ட் 16 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் இ-பஸ் சேவா திட்டம், 10,000 மின்சாரப் பேருந்துகளை நகரங்களுக்குக் கொடுப்பதற்கானது. மொத்த மதிப்பீடு 57,613 கோடி ரூபாய், அதில் ஒன்றிய அரசின் பங்கு 20,000 கோடி. 2011 கணக்கெடுப்பில் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு அது பொருந்தும். ஒன்றியப் பகுதிகளின் தலைநகரங்களும் அதில் அடங்கும். எனவே புதுச்சேரி மக்கள் இத்திட்டத்தைச் சுட்டிக் கேட்கலாம். 1.73 லட்சம் மக்கள்தொகையுள்ள கடலூர் கேட்க முடியாது.

கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குப் பொருந்துவது, தமிழ்நாடு அரசின் புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம். 1997இல் தொடங்கிய பழைய மினி பேருந்துத் திட்டத்தின் இடத்தில் வந்த இது, 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்டது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது; அதில் குறைந்தது 65 விழுக்காடு, பேருந்துச் சேவை இல்லாத சாலையாக இருக்க வேண்டும். அதாவது 25 கிலோமீட்டர் தடத்தில் 16.25 கிலோமீட்டர் சேவையற்ற பகுதியாகவும், 8.75 கிலோமீட்டர் வரை ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலையாகவும் இருக்கலாம். இந்த விகிதம்தான் ஊர்மக்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது. இருசக்கர வாகனத்தின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, ஊரிலிருந்து முதன்மைச் சாலை வரை எவ்வளவு, முதன்மைச் சாலையில் எவ்வளவு என்று ஓட்டி அளந்து, ஒரு தாளில் கோட்டுப்படமாக வரைந்துவிடுங்கள். பண்ருட்டி, வடலூர் போன்ற ஊர்களுக்கு நேராகப் போகும் தடத்தை வரைந்து, சேவையுள்ள சாலையின் நீளம் கூடிப்போனால், பள்ளி அல்லது ஆரம்பச் சுகாதார நிலையம் இருக்கும் இன்னொரு சிற்றூரைச் சுற்றிப் போகும்படி மாற்றிப் பார்க்கலாம்; சேவையற்ற நீளம் கூடும், இரண்டு ஊர்கள் சேர்ந்து கேட்கும் வலுவும் கிடைக்கும். மினி பேருந்தை இயக்கப்போவது தனியார் என்பதால், பால் வண்டிக் கணக்கு, பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை, சந்தை நாள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், அனுமதி கோரி வருபவருக்கும் தடத்தில் வருமானம் உண்டு என்ற நம்பிக்கை வரும்.

யாரிடம் எதைக் கேட்பது

கடலூர் மாவட்டத்தில் அரசுப் பேருந்துகளை இயக்குவது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். அதற்குள் கடலூர் ஒரு மண்டலம். நடை நேரம், நடை ரத்து, நிற்காமல் போவது, இரவு தங்கல் பேருந்து ஆகியவை பற்றிய மனு மண்டலப் பொது மேலாளருக்கும், நகல் கிளை மேலாளருக்கும் போக வேண்டும். தனியார் பேருந்து, மினி பேருந்து, புதிய வழித்தட அனுமதி என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். நிழற்குடை என்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி. சாலை எந்தத் துறையுடையதோ அந்த நெடுஞ்சாலைத் துறையின் இசைவும் வேண்டும். நிறுத்தம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி உள்ளாட்சியைக் கலந்து தீர்மானிக்கப்படுவது. காவல் துறையின் கருத்தையும் கேட்பார்கள்.

புதுச்சேரியில் போக்குவரத்துத் துறைக்கும், புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். நிழற்குடைக்கு நகராட்சியையோ அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்தையோ அணுக வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் எல்லை. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, மறுபடி ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு என்று பாகூர் பக்கம் ஊர்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பேருந்து இரண்டு பகுதிகளிலும் ஓட வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி மறுபக்கத்தின் மேலொப்பமோ (வழித்தட அனுமதியை ஏற்று இடும் கையெழுத்து) இரு அரசுகளுக்கிடையிலான உடன்பாடோ வேண்டும். கடலூர் கிளை மேலாளர் நினைத்தாலும் பாகூருக்குள் ஒரு புதிய நடையை அவரால் தொடங்க முடியாது. எனவே எல்லைத் தடங்களுக்கு, ஒரே வாசகம் கொண்ட மனுவை ஒரே நாளில் இரு அரசுகளின் துறைகளுக்கும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றொன்றின் நகல் இணைக்கப்பட்டுள்ளது என்று குறிப்பிட வேண்டும். ஒருவர் மற்றவரைக் காட்டித் தட்டிக்கழிப்பதை ஓரளவு தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். உடன்பாட்டுக்குக் காத்திருக்காமல் நடக்கக்கூடிய இன்னொரு கோரிக்கையும் உண்டு: எல்லை வரை வரும் இரு பக்கப் பேருந்துகளும் ஒரே நிறுத்தத்தில், ஐந்து நிமிட வித்தியாசத்துக்குள் சந்திக்கும்படி நேரத்தை அமைத்துக் கொடுப்பது.

மனுவுக்கு முன் தகவல்

நீங்கள் எண்ணியதோடு, அலுவலகத்தின் ஏட்டில் உள்ளதையும் வாங்கிவிடுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாளில் பதில் தர வேண்டும். இங்கே பலரும் செய்யும் பிழை, "ஏன் பேருந்து வருவதில்லை?" என்று கேட்பது. அச்சட்டத்தின்படி ஏட்டில் உள்ள தகவலைத்தான் கேட்க முடியும். விளக்கம் கேட்டால் மறுப்பு வரும். "இன்ன தட எண்ணில் இன்ன மாதத்தில் திட்டமிடப்பட்ட நடைகள் எத்தனை, இயக்கப்பட்டவை எத்தனை, ரத்தானவை எத்தனை, ரத்துக்கான காரணம் பதிவேட்டில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது, நாள் வாரியாகப் பயணிகள் எண்ணிக்கை என்ன" என்று கேட்க வேண்டும். கேட்கும் மாதம் நீங்கள் நிறுத்தத்தில் எண்ணிய மாதமாகவே இருக்கட்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாம் மேல்முறையீடு தமிழ்நாட்டில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும், புதுச்சேரியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் போகும்.

நிறுத்தம் என்பதும் சேவையின் ஒரு பகுதியே. நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேருந்து நிறுத்தங்களும் பேருந்துகளும் அவர்கள் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 41ஆம் பிரிவில் சொல்கிறது. ஒரு அளவு நாடா எடுத்துப் போய் நிழற்குடைத் தரையின் உயரம், அதற்கும் பேருந்தின் முதல் படிக்கும் உள்ள இடைவெளி, நடைபாதையை மறித்து நிற்கும் மின்மாற்றி, கழிவுநீர்க் கால்வாயின் உடைந்த மூடி ஆகியவற்றை அளந்து படமெடுத்து இணையுங்கள். கடலூர் மழையையும் மறந்துவிடக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோது கரையோரப் பகுதிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் எந்த நிறுத்தத்தில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது, அந்நாட்களில் பேருந்து எந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்பதையும் எழுதினால், மழைக்கால மாற்றுத் தடத்தை முன்கூட்டியே அறிவிக்கக் கேட்கலாம்.

மனுவின் வடிவம்

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கணக்குத் தாள்களை இணைப்பாக வைக்கலாம். எண்களை மாற்றிக்கொண்டு பயன்படுத்த ஏதுவாக ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன்.

"பொருள்: எங்கள் நிறுத்தத்தில் காலை நேர நடைகளின் நேரத்தைச் சீரமைக்கவும், இரவு 9 மணிக்கு ஒரு நடை இயக்கவும் வேண்டுதல். ஐயா / அம்மையீர், மேற்கண்ட நிறுத்தத்தில் மூன்று வேலை நாட்களில் காலை 7 முதல் 8 மணி வரை சராசரியாக 4 பேருந்துகள் வந்தன. அவற்றுள் மூன்று, 5 நிமிட இடைவெளியிலும் நான்காவது 45 நிமிடம் கழித்தும் வந்ததால் சராசரிக் காத்திருப்பு 17.5 நிமிடமாக உள்ளது. ஒன்றிய அரசின் 2009ஆம் ஆண்டுச் சேவைத் தர அளவீடுகளின்படி இது நான்காம் தரநிலை ஆகும். இதே நான்கு பேருந்துகளின் நேரத்தைப் பதினைந்து நிமிட இடைவெளியில் அமைத்தால் காத்திருப்பு 7.5 நிமிடமாகக் குறைந்து மூன்றாம் தரநிலையை எட்டும். இதற்குக் கூடுதல் பேருந்து தேவையில்லை. அதே நாட்களில் பேருந்தில் ஏற முடியாமல் நின்றவர்களின் எண்ணிக்கை இணைப்பு 1இல் உள்ளது. இரவு 8.30க்குப் பின் பேருந்து இல்லாததால் வேலைவாய்ப்பை இழந்தோர் விவரம் இணைப்பு 2இல் உள்ளது."

கவனியுங்கள்: ஒரு மனுவில் இரண்டு கோரிக்கைகளுக்கு மேல் வைக்கவில்லை. எளிதில் நடக்கக்கூடியது முதலில், செலவு பிடிக்கக்கூடியது பிறகு. முதலாவது நடந்துவிட்டால், கழகத்துக்கும் மக்களுக்கும் இடையே ஒரு பேச்சு தொடங்கிவிடும். எங்கள் அனுபவத்தில் அதற்குப் பிறகு கிளை அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள்.

மனு கொடுத்தவுடன் ஒப்புகைச் சீட்டை வாங்கி, எண்ணையும் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் அந்த ஒப்புகை எண்ணைச் சொல்லிப் பதியலாம். "போதுமான நடைகள் இயக்கப்படுகின்றன" என்ற பழைய பதிலே வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ரத்தான நடைகளின் கணக்கை இணைத்து, அதே மனுவை ஆட்சியரிடம் மறுபடி கொடுக்க வேண்டும்.

புதிய நடை ஒன்று கிடைத்துவிட்டால், முதல் மாதம்தான் அதன் உயிர். வசூலும் பயணிகள் எண்ணிக்கையும் அந்த மாதத்தில் பார்க்கப்படும். கூட்டமில்லை என்றால் சத்தமின்றி நிறுத்தப்படும். எனவே நடையின் நேரத்தைப் பள்ளித் தலைமை ஆசிரியர், நியாயவிலைக் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்து ஓட்டுநர்கள் ஆகியோரிடம் எழுதிக் கொடுத்து, நிழற்குடைச் சுவரில் கையால் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு அதே நோட்டை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே கிழமைகளில் இன்னொரு முறை நின்று எண்ணுங்கள். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு முறையும், மார்கழியில் ஒரு முறையும். எங்கள் நோட்டில் இப்போது நான்கு முறை எண்ணிய கணக்கு இருக்கிறது. அடுத்ததாக ஒரு நடை, காலை 5.20க்குப் புறப்பட்டு ஜிப்மர் பதிவு நேரத்துக்குப் புதுச்சேரி போய்ச் சேரும்படி கேட்கப்போகிறோம்.